ஈரப் பட்டு முடிச்சு

அத்தியாயம் 14

ஓரிக்கை முதியோர் இல்லத்தில் கைலாசம் ஒரு பல்லை உடைத்துவிட்டார் என்ற செய்தி, பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் அவருடைய மகள் சங்கரிக்குக் காலை ஏழே முக்காலுக்குப் போனில் வந்தது.

உடைந்தது அவருடைய பல் அல்ல. எழுபத்தொன்பது வயதில் அவருக்கு உடைக்க ஒன்றும் மிச்சமில்லை. அங்கே உதவிக்கு இருக்கும் பல்கீஸின் முன்பல்.

சங்கரி அப்போது பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள்; தீர்ந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியைச் சேர்த்து விரலால் முறுக்குகிற வேலை. ஒன்று இரண்டல்ல, ஆயிரக்கணக்கில். ஐம்பதைத் தாண்டினால் இந்த வேலைக்குக் கண் போய்விடும் என்பார்கள். சங்கரிக்கு ஐம்பத்தொன்று. எதிரே வருகிறவள் கட்டியிருக்கும் புடவையில் எந்த இழை விட்டுப்போயிருக்கிறது என்று நடந்தபடியே சொல்லிவிடுவாள். அதைப் புடவைக்காரியின் முகத்துக்கு நேராகவே சொல்வதால் இந்தத் திறமையை இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

போனில் பேசியவர் இல்லத்தின் நிர்வாகி நமச்சிவாயம். மேடை இல்லாத இடத்திலும் மேடையில் நிற்பது போலப் பேசுகிறவர்.

“உங்க தந்தையார் இன்று நீராட்டு சேவையின்போது சேவகியைத் தண்ணி மொள்ற மக்கால் தாக்கியிருக்கார்மா. இது மூணாவது சம்பவம். நேர்ல வந்தீங்கன்னா ஒரு படிவத்துல கையெழுத்து வாங்கிக்கணும்.”

முதல் சம்பவத்தில் வாளி பறந்தது. இரண்டாவதில் குரு என்ற உதவியாளனின் தோளில், பல்லில்லாத வாயாலேயே, ஒரு கடி. பக்கவாதம் வந்து, பெயர்கள் மறந்து, மகளைப் பார்த்து “நீ யாரும்மா” என்று கேட்க ஆரம்பித்த கைலாசத்தை அங்கே சேர்த்தது மூத்த மகன் உதயகுமார். காந்தி ரோட்டில் பட்டுக் கடை வைத்திருப்பவர். ஊரிலுள்ள எல்லா பேனரிலும் தன் பெயருக்கு முன்னால் ‘பட்டுச் செம்மல்’ என்று தானே போட்டுக்கொள்பவர். சங்கரி வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றபோது, “இடம் ஏதும்மா? தறிக்கும் சுவருக்கும் நடுவுல சொருகி வைப்பியா?” என்று கேட்டார். அவள் புருஷன் சிவபாலனும் அன்று அண்ணன் பக்கமே தலையாட்டினான்.

போன வாரம் சிவபாலனுக்கும் சங்கரிக்கும் நடந்த சண்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று புடவை நெய்த பிறகு பாவில் மிஞ்சிய இரண்டு முழத்தைச் சங்கரி தன் கையாலேயே நெய்து, ரவிக்கைக்கென்று இரண்டு மாதத்துக்கு முன்பே பெட்டியில் வைத்திருந்தாள். அரக்குத் துணி, மயில்கழுத்துக் கரை. போன வாரம் பெட்டியைத் திறந்தால் அதைக் காணோம். எலி கடித்துவிட்டது, தூக்கிப்போட்டுவிட்டேன் என்றான் சிவபாலன். எலி இரண்டு முழத்தையுமா தின்றது என்று அவள் கேட்க, தட்டு பறந்தது. அது கிடக்கட்டும்.

“அப்பா பல்கீஸ் பல்ல உடைச்சிட்டாராம். வரச் சொல்றாங்க” என்றாள் சங்கரி.

சிவபாலன் பக்கத்துத் தறியில் இருந்தான். யார் வந்தாலும், போன் அடித்தாலும், நெய்துகொண்டே பேசுகிறவன். அவன் கை ஒரு கணம் நின்றது.

“மாமா கையில காயம் ஒண்ணும் இல்லியே?”

“பல்லு போனது அந்தம்மாவுக்கு. அப்பா கையில எப்டி காயம் ஆவும்?”

“சும்மா கேட்டேன்.” மறுபடி தறி ஓடியது. “அங்க போயி சண்டை கிண்டை போடாத.”

*

‘பொற்கரங்கள் மூத்தோர் மாளிகை’ இரண்டு வருடத்துக்கு முன்பு வரை கல்யாண மண்டபமாக இருந்தது. பெரிதாக எதையும் மாற்றவில்லை. சமையல் கட்டு சமையல் கட்டாகவே இருந்தது. மேடை மேடையாகவே இருந்தது. கைலாசம் இருந்த அறையின் கதவில் ‘மணமகன் அறை’ என்ற பித்தளைப் பலகை அப்படியே இருந்தது. அவரும் இன்னும் பத்து மணமகன்களும் அங்கே படுத்திருந்தார்கள்.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய சங்கரியை வாசலில் அண்ணன் வரவேற்றார். நேரில் அல்ல, பேனரில். இன்று மூத்தோர் திருவிழாவாம். பட்டுச் செம்மல் உதயகுமார் ஐம்பது முதியோருக்குக் குளியல் பெட்டகம் வழங்கி, பெற்ற தந்தைக்குப் பாத பூஜை செய்கிறாராம்.

நமச்சிவாயம் படிவத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“குளிக்கிறப்போ மட்டும், பாதுகாப்புக்காக, ரெண்டு கையையும் மென்மையான முறையில கட்டுவோம். அதுக்குச் சம்மதம். அண்ணன் போட்டாச்சு. மகள் கையெழுத்தும் இருந்தா நல்லது. தேதி மட்டும் காலியா விடுங்க, நாங்க போட்டுக்கறோம்.”

“கையக் கட்டியா? எங்க அப்பாவையா?”

“கட்டலைன்னா அவரு அடிக்கிறாரேம்மா.”

“நான் போடலைன்னா?”

“சாயந்திரத்துக்குள்ள முடிவு பண்ணுங்க. இல்லைன்னா நாளைக்குக் காலையில கூட்டிக்கினு போயிடுங்க. அடிக்கிற ஆளை இந்த ஜில்லாவுல வேற எந்த இல்லமும் எடுத்துக்காது. நான் எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிடுவேன்.” கடைசி வாக்கியத்தில் மட்டும் மேடைத் தமிழ் இறங்கிவிட்டது.

“மொதல்ல அப்பாவைப் பாக்கணும்.”

“விழா முடியட்டும். இப்போ அலங்காரத்துல இருக்கார்.”

படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சங்கரி பின்பக்கம் போனாள். பாத்திரம் கழுவுகிற இடத்தில், ஈரத் துணியை வாயில் அழுத்தியபடி பல்கீஸ் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான். உதடு தடித்து நாவல்பழம் போலிருந்தது.

“மன்னிச்சிடும்மா. அவருக்கு நினைவில்ல” என்றாள் சங்கரி.

“பரவால்லம்மா. மக்குதான். பட்டுடுச்சி.” பல்கீஸ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எங்க காட்டு.”

துணியை எடுத்தாள். நடுப்பல் பாதியாக முறிந்திருந்தது. பக்கத்துப் பல்லின் இடுக்கில் என்னவோ இருந்தது. வேறு யாராயிருந்தாலும் ரத்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். சங்கரி இரண்டு விரலை நீட்டி, கேட்காமல் கொள்ளாமல், அதைப் பிடித்து இழுத்தாள். அரை விரல் நீளத்துக்கு வந்தது. அரக்கு நிறம். முறுக்கேறிய பட்டு இழை.

“காலையில இன்னா சாப்ட்ட?”

“டீ.”

“ஓரிக்கையில டீயில பட்டு நூல் போடறாங்களா?”

பல்கீஸின் கண் நிறைந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளே நாதஸ்வர சி.டி. அலறியது. “அம்மா, ஐயா கைய…” என்று அவள் சொன்னது பாதியில் முங்கிப்போனது. குரு வந்து, “ஃபங்ஷன் ஸ்டார்ட் ஆயிடுச்சி, எல்லாரும் உள்ள” என்று அவளைத் தோளைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனான்.

*

மண்டபத்தில் ஐம்பது முதியவர்கள், ஆளுக்கொரு பெட்டகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டகத்துக்குள் ஒரு சோப்பு, ஒரு சீப்பு, ஒரு துண்டு, இரண்டு ஷாம்பு. எல்லாவற்றின் மேலும் உதயகுமார் சிரித்துக்கொண்டிருந்தார். சோப்பைக் கரைத்தாலொழிய அந்தச் சிரிப்பிலிருந்து தப்ப வழியில்லை.

மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு மெத்தை நாற்காலியில் கைலாசம். பட்டு வேட்டி. விரல் நுனிவரை கை நீண்ட ஜிப்பா. நெற்றியில் மூன்று பட்டை விபூதி. கிட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு, விபூதியையும் ரோஜா மாலையையும் மீறி, சரியாகக் கழுவாத உடம்பின் வாடை வந்தது. பூஜைக்கு வந்த தெய்வத்தைப் பல நாளாக யாரும் ஒழுங்காகக் குளிப்பாட்டவில்லை.

உதயகுமார் சட்டைக் காலரில் குட்டி மைக் மாட்டியிருந்தார். நாலு ஸ்பீக்கர்.

“பெற்றோர் திருமேனியைத் தூய்மையாக வைத்துக்கொள்வதே மகனின் முதல் கடமை. என் தந்தையின் பாதம் பட்ட நீரை நான் தீர்த்தமாகவே கருதுகிறேன்.” அவர் கருதினார், போட்டோகிராபர் பதிவு செய்தார். தந்தையை அவர் கடைசியாகப் பார்த்தது ஐந்து வாரத்துக்கு முன்பு.

முதலில் பட்டு சாத்த வேண்டுமாம். ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை இரண்டு கையாலும் விறைப்பாகப் பிடித்துக்கொண்டு அவர் அப்பாவை நெருங்கினார். பின்னால் குரு வெள்ளிச் சொம்பில் தண்ணீரோடு வந்தான்.

கைலாசம் பட்டைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

மூன்றாவது வரிசையிலிருந்த சங்கரி பாதி எழுந்தாள். ஐம்பத்தொரு வருடத்தில் அப்பா எதற்காகவும் கையை ஒளித்து அவள் பார்த்ததில்லை.

“அப்பா, கையை எடுங்க. போட்டோ” என்றார் உதயகுமார் பல்லுக்கிடையில். அதையும் ஸ்பீக்கர் சொன்னது.

எடுத்தார். வலது கை குருவின் சொம்பைப் பிடுங்கியது. அது போய் மகனின் மூக்கில் இறங்கிய சத்தம் தேங்காய் உடைத்தது போலிருந்தது. தண்ணீர் சிதற, உதயகுமார் இரண்டடி பின்னால் போனார். வெள்ளைப் பட்டுச் சட்டையில் ரத்தம் கோடு போட்டது. கைலாசம் உட்கார்ந்தபடியே அவர் வயிற்றில் உதைத்தார். மறுபடி சொம்பை ஓங்கினார். இந்த முறை காது. மூன்றாவது அடி பூத்தட்டில் விழுந்தது; ரோஜா இதழ்களும் குங்குமமும் குருவின் தலையில் கொட்டின.

உதயகுமார் மூக்கைப் பிடித்தபடி நிமிர்ந்தார். பட்டுச் செம்மல் போய்விட்டிருந்தார். அடிபட்ட ஒரு கடைக்காரர் நின்றிருந்தார். அப்பாவின் ஜிப்பாக் காலரைப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஒன்று விட்டார்.

காலர் மைக்குக்கு விவஸ்தை கிடையாது. அந்த அறை நாலு ஸ்பீக்கரிலும் ஒரே சமயத்தில் விழுந்தது. ஐம்பது பேரும் தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

“கட்டுடா குரு. கிழத்தைக் கட்டுடா.” அதுவும் நாலு ஸ்பீக்கரில்.

குரு யோசிக்கவில்லை. பழகிய கை. பேண்ட் பாக்கெட்டுக்குள் போய், நாலு விரல் அகலத்தில் ஒரு துணிப் பட்டையோடு வெளியே வந்தது. அரக்கு நிறம்.

சங்கரி எப்படி மேடையேறினாள் என்று அவளுக்கே தெரியாது. சொம்பு அவள் காலடிக்கு உருண்டு வந்திருந்தது. எடுத்தாள். குருவின் மணிக்கட்டு எலும்பில் ஒரே அடி. அவன் “யம்மா” என்று உட்கார்ந்துவிட்டான். அண்ணன் அவள் கையைப் பிடித்தார்.

“இன்னாடி நெனச்சிக்கினு இருக்க? அவரு நல்லதுக்குத்தான் கட்டச் சொன்னேன். ஒரு மாசமா கட்டிக்கினுதான் இருக்காங்க, இன்னா கெட்டுப்போச்சு? கண்ட துணியில கட்டாதீங்கன்னு சொல்லிப் பட்டுல கட்டச் சொன்னேன். எந்தப் புள்ள செய்வான்?”

ஒரு மாசமாக. அப்படியென்றால் இடுப்பில் செருகியிருக்கும் படிவம் இனிமேல் செய்வதற்கு இல்லை, செய்துவிட்டதற்கு.

சங்கரி அண்ணனை அறைந்தாள். அவர் அறைந்ததைவிடச் சத்தமாக வந்தது. அவர் கன்னத்தோடு காலர் மைக்கையும் சேர்த்து அடித்திருந்தாள். ஸ்பீக்கர்கள் ஒரு முறை கிறீச்சிட்டு ஓய்ந்தன.

முன்வரிசையில், ஷாம்பு பாக்கெட்டைப் பிரிக்க முடியாமல் முனகிக்கொண்டிருந்த முதியவர் தலை நிமிர்ந்தார். “இன்னொரு தபா போடும்மா. சரியாப் பாக்கல.”

*

மணமகன் அறையின் குளியலறைக்குள் அப்பாவைக் கூட்டிவந்து சங்கரி தாழ்ப்பாள் போட்டாள். பல்கீஸ் கூட வந்தாள். வெளியே நமச்சிவாயம் சட்டம் பேசிக்கொண்டிருந்தார்.

கைலாசம் சுவரோடு ஒட்டி நின்று முஷ்டியை உயர்த்தினார். பைப் சொட்டுகிற சத்தத்துக்கே உடம்பு உதறியது. சங்கரி கிட்டே போனதும் அவள் தோளில் ஒரு குத்து விழுந்தது. அவள் விலகவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு உள்ளங்கையையும் அவர் முகத்துக்கு நேரே விரித்தாள்.

“பாருப்பா. கையில ஒண்ணும் இல்ல. துணி இல்ல. பாரு.”

இன்னொரு குத்து. அதில் பலமில்லை. அவர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். திருப்பி, புறங்கையைப் பார்த்தார். விரலிடுக்கில்கூடத் தேடினார். பிறகு பல்கீஸின் கையையும் அதேபோலச் சோதித்தார். முஷ்டி மெல்ல இறங்கியது.

“யாரு கட்றது?” என்றாள் சங்கரி.

“குருதாம்மா. அந்த பிளாஸ்டிக் நாற்காலிக் கையில ரெண்டு கையையும் கட்டிட்டு, மேல பைப்பத் தொறந்து உட்டுட்டுப் போயிடுவாரு. பதினோரு பேரு, ஒரு மணி நேரம். சோப்பு கூட போடறதில்ல. இன்னிக்கி ஃபங்ஷன் வேலைன்னு அப்டியே மறந்துட்டாரு. நான் வந்தப்போ ஐயா ஈரத்துல நடுங்கிக்கினு இருக்காரு. முடிச்ச அவுத்துப் பாக்கறேன், நகம் எறங்கல. நெனஞ்ச பட்டும்மா. கல்லு மாரி இருக்குது.”

“கடிச்சியா.”

“வலது கை முடிச்சு வந்துடுச்சி. அப்போ ஐயா வலி தாங்காம கைய இழுத்தாரு. பல்லும் கூட வந்துடுச்சி.” வாயைத் துணியால் ஒற்றினாள். “மக்குன்னு சொல்லலைன்னா நாளைலேந்து வராதன்னு நமச்சிவாயம் சாரு சொல்லிட்டாரு. வூட்ல நாலு பேரும்மா.”

“இடது கை?”

பல்கீஸ் ஜிப்பாவின் இடது கையைப் பார்த்தாள்.

சங்கரி பொத்தானைக் கழற்றி, அங்குலம் அங்குலமாக மேலே சுருட்டினாள். மணிக்கட்டில் அது அப்படியே இருந்தது. நாற்காலிப் பக்கம் மட்டும் பிளேடால் அறுத்துவிட்டு, வளையத்தோடு ஜிப்பாவை மாட்டி மேடைக்கு அனுப்பியிருந்தார்கள். சதை இருபுறமும் பிதுங்கி, விரல்கள் ஊதா நிறத்தில் வீங்கியிருந்தன. அதற்கு மேலே பழைய தழும்புகள். ஒரு மாசத்துத் தழும்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

பாவு பிணைக்கிறவள் இடுப்பில் சின்னக் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். தோலுக்கும் துணிக்கும் நடுவே முனையை நுழைக்க இடம் தேட வேண்டியிருந்தது. நுழைந்ததும் ஒரு துளி ரத்தம் வந்தது. அப்பா முனகினார். இரண்டாவது வெட்டில் வளையம் விட்டது.

கைலாசம் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டார், புதுச் சாமானைச் சரிபார்ப்பது போல.

அதன் பிறகு சண்டையே இல்லை. பல்கீஸ் வெந்நீர் கொண்டுவந்தாள். தலையில் ஊற்றாமல் பாதத்திலிருந்து ஆரம்பித்தார்கள். தொடப்போகும் இடத்தை முன்கூட்டியே சொன்னார்கள். முழங்காலுக்குப் பின்னால், தொடை மடிப்பில், அக்குளில், தோல் வெந்து உரிந்திருந்த இடங்களில் எல்லாம் துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார்கள். பல்கீஸ் மடிப்புகளை ஈரம் போகத் துடைத்தாள். அரை மணி நேரம் ஆனது. நமச்சிவாயத்தின் கணக்கில் அது ஐந்து பேருக்கான நேரம். கடைசியில் கைலாசம் பல்கீஸின் உடைந்த பல்லை உற்றுப் பார்த்து, “யாரும்மா அடிச்சது?” என்று கேட்டார்.

“வுழுந்துட்டேன் ஐயா.”

“பாத்து நடக்கணும்.”

*

“அப்பாவைக் கூட்டிக்கினு போறேன். கையெழுத்து கிடையாது” என்று சங்கரி சொன்னதும் நமச்சிவாயத்துக்கு முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடு, “அண்ணன் சம்மதம் வேணுமே” என்றார்.

“மூக்குல தையல் போட்டுக்கினு வரட்டும், கேக்கறேன்.” பல்கீஸிடம் திரும்பி, “நாளைக்கி நான் வந்து உன்னைப் பல்லு டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறேன்” என்றாள். நமச்சிவாயத்துக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

ஆட்டோவில் அப்பா அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். அறுத்த பட்டையைப் படிவத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். போலீஸுக்குப் போவதென்றால் வேண்டும். மடியில் வைத்துப் பிரித்தாள். மேடையில் பார்த்தபோது நிறம் மட்டும்தான் கண்ணில் பட்டது. இப்போது வெயிலில் கரை தெரிந்தது.

மயில்கழுத்து.

கரையோரம் ஒற்றை ஜரிகைக் கோடு. அந்தக் கோடு சாணுக்கு ஒரு முறை விட்டு விட்டு ஓடியது. பாவில் ஒரு ஜரிகை இழை அடிக்கடி நழுவியதைச் சரிசெய்யாமல், ரவிக்கைக்குத்தானே என்று அவளே நெய்துவிட்டுப் போன தப்பு. வேறு யார் தறியிலும் அந்தத் தப்பு இருக்காது. துணியை நீளவாக்கில் பட்டை பட்டையாகக் கிழித்திருந்தார்கள். எலிக்கு இவ்வளவு நேராகக் கிழிக்க வராது. அண்ணன் பட்டு கேட்டபோது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் வீட்டிலேயே இருக்கிறான்.

அப்பாவின் கையை ஒரு மாதமாகக் கட்டியது அவள் நெய்த பட்டு.

நனைந்த பட்டு முடிச்சு இறுகும் என்று அண்ணனுக்குத் தெரிந்திருக்காது. அவருக்குப் பட்டென்றால் விற்கிற சாமான். நெய்கிறவனுக்குத் தெரியும். முப்பது வருடமாகத் தறியில் இருப்பவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் பல் உடைந்தது என்று சொன்னபோது சிவபாலன், மாமா கையில் காயமா என்று கேட்டான்.

போன் அடித்தது. சிவபாலன். பின்னால் தறிச் சத்தம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா, உங்க அண்ணனை அடிச்சிட்டியாமே? கடையில இருந்து போன் வந்துச்சி. எங்க இருக்க?”

“வந்துக்கினு இருக்கேன். அப்பாவும் வராரு.”

“இங்கியா? இங்க எங்க வெச்சிக்கறது? குளிப்பாட்டறப்போ அடிக்கிறாராமே, நீ ஒருத்தி எப்டி…”

“ஏன், கட்றதுக்குத் துணி பத்தாதா?” என்றாள் சங்கரி. “நீ குடுத்ததுல மிச்சப் பட்டையெல்லாம் அங்க குருகிட்ட இருக்குது.”

அந்தப் பக்கம் தறி நின்றது. ஆட்டோ பிள்ளையார்பாளையம் திரும்புகிற வரைக்கும் அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். தறி மறுபடி ஓடவில்லை.